முதல் 310-உம் கடைசி 97-உம்

சேகரிப்பாளர் கேள்வி–பதில்

கேள்வி: எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர், தாம் சிறுவயதில் சேர்த்த 1952-ஆம் ஆண்டு டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட, வீரர்களின் படம் போட்ட பேஸ்பால் அட்டைகளில் எஞ்சியிருந்த 140 அட்டைகளை எனக்கு அன்பளிப்பாகக் கொடுத்து, முடிந்தால் தொகுப்பை முழுமையாக்கும்படி சொன்னார். எல்லாமே 250-க்கு உட்பட்ட எண்கள். எனக்குத் தபால்தலை சேர்த்த பழக்கம் உண்டு. பேஸ்பால் பற்றி அதிகம் தெரியாது. புகழ்பெற்ற வீரர் மிக்கி மேன்டிலின் விலை மிகுந்த அட்டையை மட்டும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், மற்றவை எளிதில் கிடைத்துவிடும் என்று எண்ணுகிறேன். சரிதானா?
– ஒரு வாசகர், எடிசன், நியூ ஜெர்சி

பதில்: மேன்டிலைத் தள்ளிப்போடுவதில் தவறில்லை; மற்றவை எளிதில் கிடைத்துவிடும் என்பதுதான் சரியில்லை. 407 அட்டைகள் கொண்ட அந்தத் தொகுப்பில் உங்களுக்கு இன்னும் 267 வேண்டும். அவற்றில் 310-ஆம் எண் வரை உள்ள 170 அட்டைகளும், அதற்கு மேற்பட்ட 97 அட்டைகளும் ஒரே ஆண்டில் வந்தவை என்றாலும், சேகரிப்பவரைப் பொறுத்தவரை அவை இரண்டு தனித்தனித் தொகுப்புகள் என்றே கொள்ள வேண்டும்.

புரூக்ளினில் சூயிங்கம் தயாரித்து வந்த டாப்ஸ் நிறுவனம், சை பெர்கர் என்ற தன் ஊழியர் வடிவமைத்த இந்த அட்டைகளை மொத்தமாக அச்சிட்டு விற்கவில்லை. ஆட்டப் பருவம் நகர நகரப் பகுதி பகுதியாக வெளியிட்டது. 311 முதல் 407 வரையிலான கடைசிப் பகுதி கடைகளுக்கு வந்தபோது பருவம் முடியும் தறுவாயில் இருந்தது. சிறுவர்களின் கவனம் அமெரிக்கக் கால்பந்தின் பக்கம் திரும்பியிருந்ததால் கடைக்காரர்கள் அதை வாங்கத் தயங்கினார்கள். கிடங்கில் தேங்கிய பெட்டிகளை 1960-ஆம் ஆண்டில் ஒரு தெப்பத்தில் ஏற்றி, உங்கள் நியூ ஜெர்சிக் கரைக்கு அப்பால் அட்லாண்டிக்கில் கொட்டிவிட்டதாகப் பெர்கரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

மேன்டிலின் 311-ஆம் எண் அட்டை இந்தப் பகுதியின் முதல் அட்டை. அதுவும், அடுத்து வரும் ஜாக்கி ராபின்சன் (312), பாபி தாம்சன் (313) ஆகியோரின் அட்டைகளும் அச்சுத் தாளில் இரண்டிரண்டு இடங்களில் இருந்தவை; ஆகவே அந்தப் பகுதியின் மற்ற அட்டைகளைவிட அவை அதிகமாகவே அச்சாயின. மேன்டிலுக்கு இருப்பது பெயரால் வந்த விலை. 2022-இல் அதன் மிகச் சிறந்த பிரதி ஒன்று 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனதைப் படித்திருப்பீர்கள். (அது அவருடைய முதல் அட்டைகூட அன்று; முதல் அட்டை 1951-இல் டாப்ஸின் போட்டி நிறுவனமான போமன் வெளியிட்டது.) உண்மையில் உங்களைச் சோதிக்கப்போவது, பேஸ்பால் ரசிகர்களே மறந்துவிட்ட வீரர்களின் அட்டைகள்தான். 311-க்கு மேல், யாரும் அறியாத ஒரு மாற்று ஆட்டக்காரருக்குக்கூட, முதல் பகுதிகளில் அவரைப் போன்றவருக்குக் கொடுப்பதைப் போலப் பல மடங்கு கொடுக்க வேண்டியிருக்கும். பணம் இருக்கும்போதெல்லாம் அந்த 97-இல் ஒன்றை வாங்குங்கள். எளிதாகக் கிடைக்கும் எண்கள் காத்திருக்கும். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, 310-இல் வந்து மூச்சு வாங்கி நின்றுவிடுகிறார்கள். நீங்களும் அங்கேயே நிறுத்திக்கொள்ள முடிவு செய்தால் அதில் இழிவு ஒன்றுமில்லை. ஆனால் களைப்பினால் அன்றி, தொடக்கத்திலேயே யோசித்து அப்படி முடிவு செய்யுங்கள்.

வாங்கத் தொடங்கும் முன் இரண்டு முடிவுகள் தேவை. முதலாவது, எது முழுமை என்பது. முதல் 80 எண்கள், பின்பக்கம் சிவப்பு மையிலும் கறுப்பு மையிலுமாக இரு வகைகளில் வந்திருக்கின்றன; கறுப்பு வகையில் 48-ஆம் எண் ஜோ பேஜுக்கும் 49-ஆம் எண் ஜானி செயினுக்கும் பின்பக்கக் குறிப்புகள் இடம் மாறி அச்சான பிழைப் பிரதிகளும் உண்டு. எண்ணுக்கு ஓர் அட்டை போதும் என்பதே என் கருத்து. இரண்டாவது, தரம். உங்களிடம் உள்ள 140-உம் ஒரு சிறுவன் கையில் புழங்கியவையாகவே இருக்கும். முனை சற்றே மழுங்கி, மடிப்பு இல்லாத நடுத்தர நிலையில் முழுத் தொகுப்பும் ஒரே சீராக இருப்பது, பளபளக்கும் பத்து அட்டைகளும் கிழிந்த நூறும் கலந்து கிடப்பதைவிடப் பார்வைக்கு நன்றாக இருக்கும். பெரியவர் கொடுத்தவற்றில் முதல் எண்ணான ஆண்டி பாஃப்கோ இருக்கிறாரா என்று பாருங்கள். சிறுவர்கள் அட்டைகளை எண் வரிசைப்படி அடுக்கி ரப்பர் வளையம் மாட்டியதால், மேலே இருந்த பாஃப்கோவே எல்லாத் தேய்மானத்தையும் தாங்கினார். அதனால் நல்ல நிலையில் அவர் கிடைப்பது அரிது.

கையில் ஓர் அளவுகோல் வைத்திருங்கள். அசல் அட்டை 2⅝ அங்குல அகலமும் 3¾ அங்குல உயரமும் கொண்டது. மழுங்கிய ஓரத்தை வெட்டிச் சீராக்கி விற்பவர்கள் உண்டு. அளவு குறைந்தால் எவ்வளவு கூர்மையான முனையானாலும் வாங்காதீர்கள். 1983-இல் டாப்ஸே வெளியிட்ட மறுபதிப்பு 2½-க்கு 3½ அங்குலம் என்பதால் அது அளவிலேயே வேறுபட்டுவிடும். அதில் உள்ளவை 402 அட்டைகள் மட்டுமே. விலை உயர்ந்தவற்றை மட்டும் தரச்சான்று நிறுவனத்தின் உறையிட்ட நிலையில் வாங்குவது நல்லது. மற்றவற்றுக்கு அந்தச் செலவு வீண்.

கேள்வி: 1953 டாப்ஸ் தொகுப்பில் 253, 261, 267 ஆகிய எண்கள் எங்கு தேடியும் கிடைக்கவில்லை. யாரிடம் கேட்கலாம்?
– ஒரு வாசகர், டொராண்டோ

பதில்: யாரிடமும் கேட்க வேண்டாம், அவை வெளிவரவே இல்லை. 268, 271, 275 ஆகியவையும் அப்படியே. எண்கள் 280 வரை ஓடினாலும் தொகுப்பில் உள்ளவை 274 அட்டைகள்தாம். அந்நாளில் டாப்ஸும் போமனும் ஒரே வீரர்களிடம் போட்டி போட்டுக்கொண்டு ஒப்பந்தம் எழுதி வாங்கின. அதனால் எழுந்த வழக்கில் 1953-இல் நீதிபதி ஜெரோம் ஃபிராங்க் எழுதிய தீர்ப்புதான், ஒருவருடைய படத்தின் வணிக மதிப்பு அவருக்கே உரிய சொத்து என்ற கோட்பாட்டுக்கு அமெரிக்காவில் பெயர் சூட்டியது. சூயிங்கம் விற்ற கதையிலிருந்து ஒரு சட்டம் பிறந்தது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது. 1955 தொகுப்பிலும் 175, 186, 203, 209 கிடையாது. 1956 தொடக்கத்தில் போமனை டாப்ஸ் வாங்கிய பிறகு அவ்வாண்டு வந்த 340 அட்டைகளில் விடுபட்ட எண் இல்லை. 1952-இன் கடைசிப் பகுதி போன்ற இக்கட்டும் இல்லை. புதிதாகத் தொடங்குவோருக்கு நான் அதையே பரிந்துரைப்பேன். எண்ணில்லாத இரண்டு சரிபார்ப்புப் பட்டியல் அட்டைகள் மட்டும் தொல்லை தரும்: சிறுவர்கள் பென்சிலால் குறியிட்டுத் தீர்த்துவிட்டார்கள்.

கேள்வி: ஒன்பது அறை கொண்ட பிளாஸ்டிக் தாள்களில் என் 1954 அட்டைகள் நுழையவில்லையே?
– ஒரு வாசகி, சிங்கப்பூர்

பதில்: அந்தத் தாள்கள், 1957-இல் டாப்ஸ் அளவைக் குறைத்த பிறகு வந்த அட்டைகளுக்கு ஏற்றவை. 1952 முதல் 1956 வரையிலானவற்றுக்கு எட்டு அறைத் தாள்கள் தனியாக விற்கின்றன. பி.வி.சி. கலவாதவையா என்று கேட்டு வாங்குங்கள். அட்டையை வலிந்து திணிக்காதீர்கள்.