பின்னி மில் தாத்தாவைப் பேசவைக்க

வணக்கம். சென்னை பெரம்பூரில் இருந்த பின்னி துணி மில்லில் வேலை பார்த்த உங்கள் தாத்தா, ரெக்கார்டிங் போட்டதும் "சொல்ல என்ன இருக்கு" என்று ஒதுங்குகிறார், ஆண்டுகளையும் குழப்புகிறார் என்று எழுதியிருந்தீர்கள்.

கேள்விப் பட்டியலைத் தூக்கி வையுங்கள். பழைய போட்டோ, மில் அடையாள அட்டை என ஏதாவது ஒன்றை அவர் கையில் கொடுங்கள். எந்த ஷிப்ட், எந்த மெஷின், சாப்பாடு யார் கொண்டுவந்தார்கள் என்று கேளுங்கள். தினசரி வேலையைச் சொல்லத் தொடங்கினால் மற்றது தானாக வரும்.

ஆண்டு தவறினால் குறுக்கே திருத்தாதீர்கள். எம்ஜிஆர் இறந்த 1987-க்கு முன்னா பின்னா, மில் மூடிய 1996-ல் வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று பிறகு கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்.

முக்கியமாக, 1921-ல் மில்லில் நடந்த வேலைநிறுத்தம் பற்றி அவருடைய அப்பா வீட்டில் என்ன பேசினார்? இதைத் தள்ளிப்போடவே கூடாது, அந்தக் குரல் இனி இவர் வழியாகத்தான் வரும். அப்போது வேலைநிறுத்தம் செய்தவர்களுக்கும் வேலைக்குப் போனவர்களுக்கும் இடையே நடந்த புளியந்தோப்புக் கலவரத்தைத் தெருவுக்குத் தெரு வேறு மாதிரி சொல்வார்கள். வேலைநிறுத்தத்தில் சேர்ந்தவர்கள், சேராமல் வேலைக்குப் போனவர்கள் இரண்டு தரப்புக் குடும்பங்களிலும் கேளுங்கள்.

பதிவை அவருக்கே போட்டுக் காட்டி, எதை வெளியிடலாம் என்று சம்மதம் வாங்குங்கள். தொழிற்சங்கத் தகராறில் பெயர் அடிபடுகிறவர்களின் பேரன் பேத்திகள் இன்றும் பெரம்பூரில்தான் இருப்பார்கள்.