ஆசாரத்தில் (வீட்டுக் கூடத்தில்) வி.ஆர். ஹெட்செட்: கேள்வி பதில்

கண்ணை மூடி மாட்டிக்கொண்டால், திரும்பும் பக்கமெல்லாம் வேறொரு உலகத்தைக் காட்டும் கருவிதான் வி.ஆர். ஹெட்செட். கோவையில் வீடு வீடாகப் போய் அதை அமைத்துத் தருவதும், பழுதானதைப் பிரித்துப் பார்ப்பதும் என் வேலை. வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் சொல்கிறேன். பெரும்பாலானவர்கள் கையில் இருப்பது மெட்டா நிறுவனத்தின் குவெஸ்ட் 2, 3, 3எஸ் மாடல்கள் என்பதால் பதிலும் அவற்றை வைத்தே இருக்கும். தொடங்கும் முன்பே ஒன்று: லென்ஸ் மேல் வெயில் படவே கூடாது. இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோபிசெட்டிபாளையம்: எங்களுடையது பழைய ஓட்டு வீடுங்க. ஆசாரம் 12க்கு 10 அடி. இடம் பத்துமா?

தாராளமாகப் பத்தும். நடந்து ஆடும் விளையாட்டுக்கு 2 மீட்டருக்கு 2 மீட்டர் வெற்றிடம் வேண்டும், அதாவது ஆறரை அடிக்கு ஆறரை அடி. கட்டிலை ஓரமாகத் தள்ளினால் உங்களுக்கு அதற்கு மேலேயே கிடைக்கும். ஆடும் இடம் இதுதான் என்று ஹெட்செட்டுக்குக் காட்டும் எல்லைக்கோட்டை வரையும்போது மட்டும் சுவரை ஒட்டி வரையாதீர்கள். ஒரு முழம் உள்ளே தள்ளி வரையுங்கள். கால் கோட்டுக்குள் இருந்தாலும் கை வெளியே போகும்.

அதைவிட முக்கியம், உங்கள் கூரையில் கண்ணாடி ஓடு இருக்கிறதா? எங்கள் ஊர் வீட்டில் இருக்கிறது. ஒரு நாள் ஹெட்செட்டை லென்ஸ் மேலே பார்க்கக் கட்டிலில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். கண்ணாடி ஓடு வழியாக விழும் வெயில் காலையில் சுவரில் இருக்கும், உச்சிக்கு முன்னால் இறங்கிக் கட்டிலுக்கு வரும். அது நகரும் என்பதே எனக்கு அப்போது தோன்றவில்லை. கை கழுவிவிட்டு வந்தபோது வெயில் கட்டிலைத் தாண்டித் தரைக்குப் போயிருந்தது. மாட்டிப் பார்த்தால் இடது கண்ணில் மிளகு அளவுக்கு ஒரு மஞ்சள் புள்ளி, அதன் நடுவில் கருப்பு. எந்தப் பக்கம் திரும்பினாலும் கூடவே வந்தது. பூதக்கண்ணாடியால் காகிதத்தைப் பொசுக்குவோமே, அதே வேலையை அந்த லென்ஸ் உள்ளே இருக்கிற திரைக்குச் செய்துவிட்டது. பொசுங்கிய இடத்துக்கு வைத்தியம் கிடையாது. திரையையே மாற்ற வேண்டும். அதனால் கழற்றிய கையோடு பெட்டிக்குள் வையுங்கள், இல்லையென்றால் லென்ஸைத் துணியால் மூடுங்கள். ஜன்னல் ஓரம், கார் டேஷ்போர்டு, மொட்டை மாடி எதுவும் ஆகாது.

திருப்பூர்: குவெஸ்ட் 2 வாங்கி ஒரு வாரம். எழுத்தெல்லாம் மங்கலாகவே தெரிகிறது. பீஸ் பழுதா?

பெரும்பாலும் பழுதாக இருக்காது. மங்கல் என்று என்னிடம் வருகிறவற்றில் முக்கால்வாசி மாட்டும் விதத்தில்தான் இருக்கிறது. குவெஸ்ட் 2-ல் இருப்பது ஃப்ரெனல் லென்ஸ், அதாவது வட்ட வட்டமாக வரி விழுந்த மெல்லிய லென்ஸ். அதன் நடுவில் ஒரு சின்ன வட்டத்தில்தான் தெளிவாகத் தெரியும். கண் அந்த வட்டத்துக்கு நேராக வர வேண்டும்.

முதலில் பின்பட்டை. நிறையப் பேர் தொப்பி மாதிரி தலையின் நடுவில் மாட்டுகிறார்கள். பட்டை பிடரிக்கு இறங்கி, மண்டையின் பின்மேட்டுக்குக் கீழே போய்ப் பிடிக்க வேண்டும். பிறகு எழுத்து இருக்கும் ஒரு பக்கத்தைத் திறந்து, இரண்டு கையாலும் முன்பகுதியைப் பிடித்து நூல் நூலாக மேலே கீழே நகர்த்துங்கள். ஒரு இடத்தில் எழுத்து பளிச்சென்று நிற்கும். அந்த இடத்தில் பட்டையை இறுக்குங்கள். முகத்தில் அச்சு விழும் அளவுக்கு இறுக்க வேண்டியதில்லை.

அடுத்து கண்மணி இடைவெளி. குவெஸ்ட் 2-ல் லென்ஸை 58, 63, 68 மில்லிமீட்டர் என்று மூன்று நிலையில் வைக்கலாம். கண்ணாடி முன் நின்று, புருவத்தின் மேல் ஸ்கேலை வைத்து, ஒரு கருமணி நடுவிலிருந்து மறு கருமணி நடுவரை அளந்து பாருங்கள். பெரியவர்களுக்கு 63-ஐ ஒட்டி வரும். குவெஸ்ட் 3-ல் சக்கரமே இருக்கிறது, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொள்ளலாம். வீட்டில் நாலு பேர் மாற்றி மாற்றிப் போட்டால், போடும் ஒவ்வொருவரும் இதைச் சரிபார்க்க வேண்டும். அண்ணனுக்குத் தெளிவாகத் தெரிந்தது தம்பிக்கு மங்கலாகத் தெரிவது இதனால்தான்.

பல்லடம்: வீட்டுக்குப் பக்கத்திலேயே தறி ஓடுகிறது. லென்ஸில் பஞ்சு ஒட்டிக்கொண்டே இருக்கிறது. எதில் துடைப்பது?

பனியன் வேஸ்ட் வேண்டாம். உங்கள் பக்கம் எல்லோர் கையும் முதலில் அதற்குத்தான் போகும், அதனால்தான் முதலிலேயே சொல்கிறேன். லென்ஸ் பிளாஸ்டிக். பஞ்சோடு இருக்கும் மணல் தூசு கோடு போட்டுவிடும். காற்று ஊதும் ரப்பர் பந்தால் ஊதித் தள்ளிவிட்டு, மூக்குக்கண்ணாடி துடைக்கும் மெல்லிய உலர்ந்த துணியால் நடுவிலிருந்து வெளியே வட்டமாகத் துடையுங்கள். சானிடைசர், ஸ்பிரிட், எச்சில் எதுவும் ஆகாது. வெளியே இருக்கும் கேமராக்களையும் துடையுங்கள். கேமராவில் பஞ்சு இருந்தால் கை நடுங்குவது போலத் தெரியும்.

கரூர்: மச்சான் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தார். 110 வோல்ட் ஊர் ஆச்சே, ஸ்டெப் டவுன் வேண்டுமா?

சார்ஜரின் அடியில் 100-240V என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். இருந்தால் பின் மாற்றும் சாக்கெட் போதும்.

ஈரோடு: பகலில் நன்றாக ஓடுகிறது. ராத்திரி டியூப்லைட்டில், கையில் பிடிக்கும் கன்ட்ரோலர் தாவுகிறது.

ஹெட்செட் தன் கேமராக்களால் அறையைப் பார்த்துத்தான் தான் எங்கே இருக்கிறோம் என்று கணக்குப் போடுகிறது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கும் அதற்கேற்ப மினுக்கும். செட்டிங்கில் டிராக்கிங் அலைவெண் என்று ஒன்று இருக்கும். அதை 50-ல் வையுங்கள். அப்புறம் பீரோ கண்ணாடியைப் போர்வையால் மூடுங்கள். அதில் தெரியும் பிம்பத்தை இன்னொரு அறை என்று நினைத்துக் குழம்பும். வெறும் வெள்ளைச் சுவரும் பளபளக்கும் டைல்ஸும் மட்டும் இருந்தால் பிடிமானம் கிடைக்காது. ஒரு காலண்டர் மாட்டுங்கள், தரையில் ஜமுக்காளம் விரியுங்கள்.

பொள்ளாச்சி: பத்து நிமிடத்தில் குமட்டுகிறது. வியர்க்கிறது. என்ன செய்ய?

முதல் வியர்வையிலேயே கழற்றுங்கள். "இந்த ஒரு ஆட்டம் முடியட்டும்" என்று இருக்காதீர்கள். கண் "நகர்கிறோம்" என்கிறது, உள்காது "நிற்கிறோம்" என்கிறது. இரண்டு சாட்சியும் முரண்படுவதால் வயிறு கலங்குகிறது. செட்டிங்கில் வழுக்கி நகர்வதை விட்டுவிட்டு, இடம் விட்டு இடம் தாவும் முறையைத் தேர்ந்தெடுங்கள். திரும்புவதும் வெட்டி வெட்டித் திரும்புவதாக இருக்கட்டும். ஒரு டேபிள் ஃபேன் முகத்துக்கு நேரே ஓடட்டும். கழற்றியதும் வண்டி எடுக்காதீர்கள், அரை மணி நேரமாவது போகட்டும்.

வால்பாறை: பயமுறுத்துகிறீர்கள். எங்கள் மலைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. சின்ன வயதில் ஒவ்வொரு வளைவுக்கும் வாந்தி எடுத்தவன் நான், இப்போது தூங்கிக்கொண்டே போகிறேன். தாங்கினால்தான் பழகும்.

பழகும் என்பது உண்மை. தாங்கினால் பழகும் என்பது தவறு. பஸ்ஸில் நடுவழியில் இறங்க முடியாது, அதனால் தாங்கினீர்கள். இங்கே கழற்ற வழி இருக்கிறது. குமட்டக் குமட்டப் போட்டுக்கொண்டே இருந்தவர்கள் சிலரை எனக்குத் தெரியும். பிறகு அந்த நுரைப்பட்டையின் வாசனை வந்தாலே வயிற்றைப் பிரட்டுகிறது என்று விற்றுவிட்டார்கள். ஐந்து நிமிடம், மறுநாள் ஏழு நிமிடம், அதற்கு அடுத்த நாள் பத்து. அப்படிப் பழகியவர்கள்தான் இன்றும் ஆடுகிறார்கள்.

சத்தியமங்கலம்: நான் லாரி ஓட்டுகிறேன். திம்பத்தில் 27 வளைவும் நானே ஓட்டினால் ஒன்றும் இல்லை. கிளீனர் பக்கம் உட்கார்ந்தால் மூன்றாவது வளைவிலேயே தலை சுற்றும். ஹெட்செட்டிலும் அப்படித்தானா?

இதுவரை வந்ததிலேயே நல்ல கேள்வி இதுதான். ஆமாங்க, அப்படியேதான். ஸ்டீயரிங்கைத் திருப்பும் முன்பே உங்கள் உடம்புக்கு வளைவு வரப்போவது தெரியும். பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. ஹெட்செட்டிலும் உங்கள் காலால் நீங்களே நடந்தால் கண்ணும் காதும் ஒத்துப்போகும், தலை சுற்றாது. ரோலர் கோஸ்டர் மாதிரி வேறு யாரோ உங்களைத் தூக்கிப்போகும் காட்சிகள்தான் புரட்டி எடுக்கும். புது ஆளுக்கு முதலில் ரோலர் கோஸ்டர் போட்டுக் காட்டுவது நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. தயவுசெய்து விடுங்கள். பாட்டுக்கு ஏற்பக் கட்டைகளை வெட்டும் பீட் சேபர் மாதிரி, நின்ற இடத்திலேயே ஆடும் விளையாட்டு ஒன்றிலிருந்து தொடங்குங்கள்.

பஸ்ஸுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பஸ்ஸில் குனிந்து போன் பார்க்கும்போது காது நகர்வை உணர்கிறது, கண் உணர்வதில்லை. இங்கே தலைகீழ். அதனால் பஸ்ஸில் கெட்டியானவர் இங்கே சாய்ந்துவிடலாம், பஸ்ஸில் சாய்பவர் இங்கே நன்றாக ஆடலாம்.

நாமக்கல்: கொல்லிமலைக்கு 70 வளைவு. அதில் நாங்கள் இஞ்சி மரப்பாவோடு போய் வருகிறோம். அது போதாதா?

இஞ்சி வயிற்றுக்கு இதம், சாப்பிடுங்கள். கண்ணும் காதும் முரண்படுவதை அது தீர்க்காது. ஆடுவதற்காக வாந்தி மாத்திரை போட்டுக்கொள்ளாதீர்கள், அது தூக்கத்தைத் தரும்.

வால்பாறை: அப்படியானால் நான் பழகியது பொய்யா?

இல்லீங்க. நீங்கள் பழகியது நிஜம், பட்ட பாடும் நிஜம். அந்தப் பாடு படாமலே பழகலாம் என்பதுதான் நான் சொல்வது. வளைவுக் கணக்கை இத்தோடு விடுவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

தாராபுரம், அவிநாசி, பவானி: எது வாங்கலாம்?

மூன்று பேருக்கும் சேர்த்து. முதல் ஹெட்செட், கணக்காகச் செலவு செய்ய வேண்டும் என்றால் 3எஸ். நிறைய எழுத்து படிப்பீர்கள், படம் பார்ப்பீர்கள் என்றால் 3. அதன் பேன்கேக் லென்ஸில் ஓரம் வரை தெளிவாகத் தெரியும். விலையைக் கடையில் கேளுங்கள்.

காங்கேயம்: போனைச் செருகும் அட்டைப்பெட்டி ஒன்று சல்லிசாகக் கிடைக்கிறதே?

தலையைத் திருப்பினால் அது உணரும். நீங்கள் ஒரு அடி முன்னால் போனால் உணராது, முழு உலகமும் உங்களோடு சேர்ந்து நகரும். பொள்ளாச்சிக்காரருக்கு வந்த குமட்டல் இதில் சீக்கிரமே வரும். 360 பாகை படம் நாலு பார்க்க மட்டும் ஆகும்.

உடுமலை: வேர்க்கிறது. ஆடும்போது சீலிங் ஃபேன் போடலாமா?

கூடாது. இது என் இரண்டாவது பெரிய எச்சரிக்கை. ஐந்தே முக்கால் அடி ஆள் கன்ட்ரோலரோடு கையை உயர்த்தினால் ஏழரை அடியைத் தாண்டும். தாழ்வான மச்சு உள்ள வீடு என்றால் இறக்கை அங்கேதான் சுற்றும். விரல் பெயர்ந்தவரைப் பார்த்திருக்கிறேன். மூலையில் டேபிள் ஃபேன் வையுங்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதை வைத்து நீங்கள் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறீர்கள் என்பதும் தெரியும்.

மேட்டுப்பாளையம்: சீலிங் ஃபேனை ஒன்றில் வைத்தால்?

ஒன்றிலும் கூடாது.

சூலூர்: மூக்குக்கண்ணாடியோடு போடலாமா?

போடலாம். குவெஸ்ட் 2 பெட்டியில் அதற்கான இடைச்சட்டம் இருக்கிறது, மாட்டுங்கள். குவெஸ்ட் 3-ல் முகப்பட்டையையே முன்னே பின்னே நகர்த்தலாம். கண்ணாடி லென்ஸை உரசினால் இரண்டிலும் கீறல் விழும். படிக்க மட்டும் கண்ணாடி போடுகிறவருக்கு அநேகமாகத் தேவைப்படாது. உள்ளே தெரியும் பிம்பம் ஒரு மீட்டருக்குச் சற்று அப்பால் இருப்பதாகத்தான் கண் குவிக்கும்.

பெருந்துறை: பையனுக்கு ஆறு வயது. அழுகிறான்.

வேண்டாம். மெட்டாவே 10 வயதுக்குக் கீழ் வேண்டாம் என்கிறது. 10 முதல் 12 வரை பெற்றோர் பார்வையில் உள்ள கணக்கில்தான். குழந்தையின் கண்மணி இடைவெளிக்கு அந்த லென்ஸ் இறங்காது, அரைக் கிலோ எடையை அந்தக் கழுத்து தாங்காது. டிவியில் காட்சியைப் போட்டுக் காட்டுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

திருச்செங்கோடு: அப்பாருக்கு பேஸ்மேக்கர் வைத்திருக்கிறது.

அவருடைய இதய மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள். வலிப்பு வந்தவர்களுக்கும் இதே பதில்தான்.

அன்னூர்: அம்மிச்சிக்கு 74 வயது. கண், உடம்பு எல்லாம் நன்றாக இருக்கிறது. கடலை இதுவரை பார்த்ததே இல்லை. காட்டலாமா?

அவசியம் காட்டுங்கள். கை வைத்த நாற்காலியில் உட்கார வையுங்கள், சக்கர நாற்காலி வேண்டாம். கேமரா நகராமல் நின்றபடி எடுத்த கரைக் காட்சியாகத் தேடி, முதலில் நீங்கள் முழுதும் பார்த்துவிட்டு எடுத்து வையுங்கள். உட்கார்ந்து பார்க்கும் எல்லையைத் தேர்ந்தெடுங்கள். கொண்டையை அழுத்தும்படி பட்டையை இழுக்காதீர்கள். கொண்டையை அவிழ்த்துத் தாழ்வாக முடிந்துவிட்டு, அதற்கு மேலே பட்டை உட்காரட்டும். கன்ட்ரோலரைக் கொடுக்க வேண்டாம், நீங்களே ஓட்டிவிட்டு மாட்டிவிடுங்கள். மாட்டும் முன்பே "பக்கத்திலேயே இருக்கிறேன்" என்று சொல்லி ஒரு கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். சொல்லாமல் தோளைத் தொட்டால் திடுக்கிடுவார். ஐந்து நிமிடம் போதும். கழற்றியதும் எழுந்திருக்க விடாமல், தண்ணீர் கொடுத்து இரண்டு நிமிடம் உட்கார வையுங்கள்.