பாய்மரப் பந்தயப் படகுகள்: மதுரை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பத்து வயது மகள் சென்னையில் விடுமுறைப் பயிற்சி முடித்துவிட்டாள். அவளுக்கு எந்தப் படகு வாங்கலாம்? (இல்லத்தரசி, அண்ணா நகர்)

பதில்: ஆப்டிமிஸ்ட் வாங்குங்கள், அம்மா. 1947-இல் அமெரிக்காவின் கிளார்க் மில்ஸ் சிறுவர்களுக்காக வரைந்த, ஒருவர் மட்டும் ஓட்டும் இப்படகின் உடல் 35 கிலோதான். பழைய படகானால், கவிழ்ந்தாலும் மிதக்க வைக்கும் மூன்று காற்றுப் பைகளையும் ஊதி, ஓரிரவு வைத்திருந்து, காற்று இறங்குகிறதா என்று பார்த்த பிறகே விலை பேசுங்கள்.

கேள்வி: சில பந்தயங்களில் எல்லோரும் ஒரே வடிவப் படகைத்தான் ஓட்ட வேண்டுமாமே. எல்லோருக்கும் ஒரே படகு என்றால் போட்டியில் என்ன சுவை? வேகமான படகை வடிவமைப்பதும் திறமைதானே? (ஆசிரியர், திருமங்கலம்)

பதில்: திறமைதான், ஐயா, ஆனால் அது வடிவமைப்பாளரின் திறமை, அதற்குப் பணபலமும் வேண்டும். வெவ்வேறு வகைப் படகுகள் ஒன்றாக ஓடினால், ஒவ்வொருவர் எடுத்த நேரத்தையும் அந்த வகையின் வேகத்துக்கேற்ப வைத்த எண்ணால் வகுத்துத் திருத்த வேண்டியிருப்பதால், கரையில் நிற்பவருக்கு வென்றவர் யாரென்று உடனே தெரியாது. ஒரே வடிவ வகுப்பில் முதலில் முடிவுக் கோட்டைத் தொட்டவரே வென்றவர். முன்பு லேசர் எனப்பட்ட இல்கா படகில் உடல் ஒன்றே. ஓட்டுபவரின் எடைக்கேற்ப 4.7, 5.76, 7.06 சதுர மீட்டர் என மூன்று அளவுப் பாய்கள் உண்டு. டோக்கியோ ஒலிம்பிக்கில் சென்னையின் நேத்ரா குமணன் நடுப் பாயிலும், வேலூரின் விஷ்ணு சரவணன் பெரிய பாயிலும் ஓட்டினார்கள். பாயின் வளைவைக் கயிற்றால் கூட்டிக் குறைப்பது, படகு சாயாதபடி உடலை வெளியே தள்ளித் தாங்குவது, காற்று திரும்பும் கணத்தைப் பிடிப்பது ஆகியவற்றில்தான் முந்துவதும் பிந்துவதும் தீர்மானமாகின்றன. எனக்கு இதைவிடச் சுவையான போட்டி தெரியாது.

கேள்வி: வண்டியூர்த் தெப்பக்குளத்தில் பயிற்சி செய்யலாமா? (மாணவர், தெப்பக்குளம்)

பதில்: கோயில் குளமாயிற்றே, தம்பி! அனுமதி கிடைத்தாலும், மைய மண்டபமும் மரங்களும் காற்றை அறுத்துவிடும். ராமேசுவரத்துக்கு அருகிலுள்ள மண்டபம் ஊர்ப் பக்கம் கடலுக்குப் போவதே நல்லது.

கேள்வி: ஃபைபர் வேலை தெரியும். அச்சு எடுத்து நானே இல்கா செய்யலாமா? (பட்டறைத் தொழிலாளி, மேலூர்)

பதில்: அந்தப் படகைப் போட்டியில் சேர்க்க மாட்டார்கள், அங்கீகாரம் பெற்ற தயாரிப்பாளரின் படகுக்கே அங்கு இடம். வீட்டில் செய்யத்தான் ஆசையென்றால் 1962-இல் வந்த மிரர் படகைப் பாருங்கள். ஒட்டுப்பலகைத் துண்டுகளைச் செம்புக் கம்பியால் தைத்து, இணைப்புகளில் கண்ணாடியிழைப் பட்டையும் பிசினும் இட்டு முடிப்பது அதன் முறை. உங்கள் கைக்கு அது எளிதாகவே வரும்.