பைபோலாருக்கு மாத்திரை எடுக்கிறேன். வேலை செய்யும் இடத்தில் சொல்லிவிடலாமா?

எனக்கும் பைபோலார்தான், மனநிலை ஒரேயடியாக மேலே ஏறுவதும் கீழே விழுவதுமாக இருக்கும் நோய். ஆறு வருடமாக அதற்கு லித்தியம் மாத்திரை எடுக்கிறேன். மணலியில் ஒரு கண்டெய்னர் யார்டில் கேட் என்ட்ரி போடும் வேலை.

முதல் இரண்டு வருடம் யாரிடமும் மூச்சு விடவில்லை. மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்துப் பெயரில்லாத சின்ன டப்பாவில் போட்டு எடுத்துப்போவேன். பகல் ஷிஃப்ட் இருந்தவரை சமாளித்தேன். அப்புறம் நைட் போட்டார்கள். தூக்கம் கெட்டால் இந்த நோய் கிளம்பிவிடும் என்பது உங்களுக்கே தெரியும். நாலாவது ராத்திரி மூன்று ஆள் வேலையைத் தனியாக இழுத்துப்போட்டுச் செய்தேன், எல்லோரும் பாராட்டினார்கள். விடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை கடலோரமாக நடந்துகொண்டே இருந்தேன். தண்டையார்பேட்டையில் வீட்டு வாசலில் நின்ற அம்மாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

டாக்டரிடம் கடிதம் கேட்டேன். நோயின் பெயர் வேண்டாம் என்றேன். ‘இரவுப் பணி தவிர்க்கவும், வெயிலில் நீண்ட நேரம் நிற்க வேண்டாம்’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். வேர்த்து உடம்பில் தண்ணீர் குறைந்தால் லித்தியம் ரத்தத்தில் ஏறிவிடும், அதனால்தான் இரண்டாவது வரி. ஆனால் மேலே மனநலப் பிரிவு முத்திரை இருந்தது. சூப்பர்வைசர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “நைட்டு வேணாம், அவ்ளோதானே? இதுக்கு ஏம்பா இப்டி நடுங்குற?” என்றார். நான்கு வருடமாகிறது, அவரைத் தாண்டி அந்த விஷயம் போகவில்லை.

அதனால் என் பதில்: அவர்களிடம் கேட்டு வாங்க வேண்டியது ஏதாவது இருந்தால், அதைத் தரக்கூடியவரிடம் மட்டும் சொல்லுங்கள். கூட டீ குடிப்பவர்களிடம் வேண்டாம். எங்கள் டீக்கடையில் ஒருவரை ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்று சொல்லிச் சிரித்தவர்கள், எனக்குக் காய்ச்சல் வந்தபோது வீடு தேடிக் கஞ்சி கொண்டுவந்த அதே ஆட்கள். அவர்கள் கெட்டவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. இருந்தாலும் அந்தச் சொல் என் மேல் விழுந்தால் தாங்க மாட்டேன்.

கிரேன், லாரி ஓட்டுகிறீர்கள் என்றால் கதை வேறு. மாத்திரையில் மயக்கமோ கை நடுக்கமோ இருந்தால் முதலில் டாக்டரிடம் கேளுங்கள், ஓட்டக் கூடாது என்று அவர் சொன்னால் மறைக்கவே கூடாது. வேலையில் சேரும் ஃபாரத்தில் நோய் பற்றி நேராகக் கேட்டிருந்தால் எழுத்தில் பொய்யும் வேண்டாம், பின்னால் அதையே காரணம் காட்டுவார்கள்.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 உங்கள் சிகிச்சை விவரத்துக்கு ரகசியப் பாதுகாப்பு தருகிறது. உங்கள் சம்மதம் இல்லாமல் டாக்டர் அதை ஆபீஸுக்குச் சொல்ல முடியாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பட்டியலிடும் 21 வகைக் குறைபாடுகளில் மனநோயும் ஒன்று.

உங்களுக்கு என்ன ஷிஃப்ட் என்று எழுதவில்லையே? நைட் என்றால் இந்த வாரமே டாக்டரிடம் கடிதம் கேளுங்கள். அதற்குள் ஏதாவது ராத்திரி தாங்க முடியாமல் போனால் 14416-க்குப் பேசுங்கள், அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.