முற்றத்து மரம் வேம்புதானா?

கேள்வி: பாட்டி, எங்கள் முற்றத்தில் வேப்பமரம் இருக்கிறது. பேரனுக்கு வயிற்றுப்பூச்சி. இலையை அரைத்துக் கொடுக்கலாமா? பழமும் காயவைத்திருக்கிறேன்.
– ஒரு வாசகி, ஃபீனிக்ஸ், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: அம்மியை அப்படியே வை தாயே, முதலில் மரத்தைப் பார். டர்பனில் பல வீட்டில் வேம்பு என்று காட்டுவது சிரிங்கா என்ற வேறு மரம். வேம்புக்குப் பங்காளி முறை, ஆனால் விஷம்.

ஓர் இலையைப் பறித்து உள்ளங்கையில் விரி. வேம்பில் நடு ஈர்க்கின் இருபுறமும் சின்ன இலைகள் நேராக வரிசை பிடிக்கும். சிரிங்காவில் அந்த ஈர்க்கே மறுபடி கிளை விடும். பூவும் சொல்லிவிடும்: வேம்புக்கு வெள்ளை, இதற்கு ஊதா. ஜூலைக் குளிரில் இலை கொட்டியும் மஞ்சள் காய் கொத்துக் கொத்தாகத் தொங்கினால் சந்தேகமே வேண்டாம், சிரிங்காதான். தின்றால் வாந்தி, பேதி, நரம்புத் தளர்ச்சி வரை போகும். காயவைத்த பழத்தை இன்றே எறிந்துவிடு.

எங்கள் அம்மாவும் இதே டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் அம்மை போட்டால் சிரிங்காக் கொத்தைத்தான் தலைமாட்டில் வைப்பார். மாரியம்மனுக்கு அது போதும், வயிற்றுக்கு ஆகாது.

சரி, உண்மையான வேம்பாகவே இருந்தாலும் சின்னப் பிள்ளைக்கு அரைத்துப் புகட்டாதே. வேப்பெண்ணெய் அதைவிட மோசம். பூச்சிக்குக் கிளினிக்கில் மாத்திரை இருக்கிறது, வாங்கிக் கொடு.

கைவைத்தியம் செய்யாமல் கை அரிக்கிறதா? எனக்கும் அப்படித்தான். சளி பிடித்தால் இஞ்சி ஒரு துண்டு, மிளகு நாலு, துளசி ஒரு பிடி, இரண்டு டம்ளர் தண்ணீரை ஒரு டம்ளராகச் சுண்டவைத்து நீ குடி. உனக்குத் தேன் கலந்தாலும், பேரனுக்கு ஒரு வயது ஆகவில்லை என்றால் அவனுக்குத் தேன் கூடவே கூடாது.