ஜப்பானில் வெளிநாட்டு கார்கள் ஏன் அதிகம் விற்பதில்லை?

வரி போட்டுத் தடுக்கிறார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் 1978 முதல் ஜப்பானில் கார் இறக்குமதி வரி பூஜ்யம். வாகனப் பரிசோதனை, சான்றிதழ் விதிகள் மறைமுகத் தடை என்று அமெரிக்கா நெடுங்காலமாகப் புகார் சொல்கிறது. அதில் ஓரளவு நியாயம் உண்டு, ஆனால் அது மட்டும் காரணமில்லை.

பெரிய காரணம் இடம். அங்கே பெரும்பாலான ஊர்களில், நிறுத்த இடம் இருக்கிறது என்று காவல் நிலையத்தில் சான்று வாங்காமல் கார் பதிவு செய்ய முடியாது. தெருக்களும் குறுகல். அதனால் 'கெய்' எனப்படும் குட்டிக் கார்களுக்கு மவுசு அதிகம்: நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48 மீட்டர், இன்ஜின் 660 சிசி, இதைத் தாண்டக் கூடாது. வரியும் குறைவு. புதிய கார் விற்பனையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இவைதான். வேறெந்த நாட்டிலும் பெரிதாக விற்காத இந்த அளவுக்காக எந்த வெளிநாட்டு நிறுவனம் தனியாக வண்டி வடிவமைக்கும்? சீனாவின் பிஒய்டி இப்போதுதான் அதில் இறங்கியிருக்கிறது.

அப்புறம் சர்வீஸ். புதுக் காருக்கு மூன்றாம் ஆண்டிலும், பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் கட்டாயப் பரிசோதனை, செலவும் கணிசம். பக்கத்திலேயே டொயோட்டா டீலர் இருக்கும்போது, உதிரிபாகத்துக்குக் காத்திருக்க யாருக்குப் பொறுமை?

ஃபோர்டு 2016-இல் வெளியேறியது. ஹூண்டாய் 2009-இல் பயணிகள் கார் விற்பனையை நிறுத்தி, 2022-இல் மின்சார வண்டிகளோடு, டீலர்கள் இல்லாமல் ஆன்லைனில் திரும்பி வந்தது. ஆனால் பென்ஸ், பிஎம்டபிள்யூ நன்றாகவே விற்கின்றன. அவற்றை வாங்குபவர்கள் அந்தஸ்துக்காக வாங்குகிறார்கள், சிக்கனம் பார்ப்பதில்லை.