ஒரே ஈதர்நெட் போர்ட் உள்ள பலகை ரூட்டராகுமா?

கேள்வி: ராஸ்பெரி பை 4 என்ற சிறிய கணினிப் பலகையை ரூட்டராக மாற்ற எண்ணி, ரூட்டருக்கான இயங்குதளமான ஓப்பன் டபிள்யூஆர்டியை மெமரி கார்டில் பதிந்து இயக்கினேன். அமைப்புப் பக்கம் கணினியில் திறக்கிறது. இணையம் வரவில்லை, வைஃபையும் தென்படவில்லை. யூஎஸ்பி ஈதர்நெட் அடாப்டரைச் செருகினாலும் பலகை அதைக் கண்டுகொள்வதில்லை. பலகை பழுதா?

பதில்: பழுதாக இருக்க வாய்ப்புக் குறைவு. பை 4-இல் இருப்பது ஒரே ஈதர்நெட் போர்ட். ஓப்பன் டபிள்யூஆர்டி அதை உள் வலையமைப்புக்கு, அதாவது லேனுக்கு ஒதுக்கி, 192.168.1.1 என்ற முகவரியை அளித்துவிடுகிறது. அமைப்புப் பக்கம் திறப்பது அதனால்தான். இணையம் நுழைவதற்கான வழி இன்னும் அமைக்கப்படவில்லை. கடவுச்சொல் இல்லாத வைஃபை திறந்து கிடக்கக் கூடாது என்பதற்காக, நீங்கள் இயக்கும்வரை அது முடக்கியே வைக்கப்பட்டிருக்கும். நிர்வாகிக் கணக்குக்கும் தொடக்கத்தில் கடவுச்சொல் கிடையாது. முதல் வேலையாக அதை அமைத்துவிடுங்கள்.

அடாப்டர்தான் உண்மையான முடிச்சு. பல அடாப்டர்களுக்கான டிரைவர், அதாவது அவற்றை இயக்கும் மென்பொருள், கார்டில் பதியும் அடிப்படைக் கோப்பில் இருப்பதில்லை. டிரைவரைத் தரவிறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கோ அந்த அடாப்டர் வேண்டும். பழைய ரூட்டரின் பின்னால் பலகையைத் தற்காலிகமாக இணைத்துத் தரவிறக்கலாம் என்றாலும், அந்த ரூட்டரின் முகவரியும் 192.168.1.1 ஆக இருந்தால் இரண்டும் மோதிக்கொள்ளும். ஆகவே, ஓப்பன் டபிள்யூஆர்டி தளத்தின் ஃபர்ம்வேர் (சாதனத்தில் பதியும் மென்பொருள்) தேர்வுப் பக்கத்தில் உங்கள் பலகையைத் தேர்ந்தெடுத்து, டிரைவர் தொகுப்பின் பெயரையும் பட்டியலில் சேர்த்து, புதிய கோப்பு ஒன்றை உருவாக்கித் தரச் செய்து, அதையே கார்டில் பதிவதுதான் என் பரிந்துரை. அடாப்டரின் சிப் ரியல்டெக் ஆர்டிஎல்8153 எனில், தேட வேண்டிய தொகுப்பின் பெயர் 8152 என்று முடியும். எண் மாறியிருக்கிறதே என்று தயங்க வேண்டாம். கோப்பு வகைகளில் ஸ்குவாஷ்எஃப்எஸ்ஸைத் தேர்ந்தெடுங்கள். அமைப்புகள் குளறுபடியானாலும் தொடக்க நிலைக்குத் திரும்ப அது இடம் தரும்.

புதிய கோப்புடன் இயக்கியதும் அடாப்டர் பெரும்பாலும் 'ஈடிஹெச்1' என்ற பெயரில் தோன்றும். அதை வைத்து 'வான்' (WAN, வெளி இணையப் பக்கம்) என்ற இடைமுகத்தை உருவாக்கி, சேவை நிறுவனம் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்திருந்தால் பிபிபிஓஇ என்றும், இல்லையெனில் டிஹெச்சிபி (முகவரியைத் தானாக வழங்கும் முறை) என்றும் தேர்ந்தெடுங்கள். அதே பக்கத்தில் ஃபயர்வால் பிரிவில் 'வான்' மண்டலத்தைக் குறிக்கத் தவறுபவர்கள் பலர். தவறினால், பலகையிலிருந்து இணையம் எட்டும், அதனுடன் இணைந்த கணினிகளுக்கு எட்டாது. இந்த அறிகுறியைக் கண்டால் வேறெங்கும் தேட வேண்டாம்.

பலகையின் வைஃபையைப் பெரிதாக நம்பாதீர்கள். அதன் ஆன்டெனா மிகச் சிறியது. பழைய ரூட்டரில் டிஹெச்சிபியை நிறுத்தி, முகவரியையும் மாற்றி, அதன் லேன் போர்ட்டைப் பலகையின் ஈதர்நெட் போர்ட்டுடன் இணைத்தால், வைஃபை வேலையை அது கவனித்துக்கொள்ளும்.

கேள்வி: இதற்கு முந்தைய மாடலான பை 3பி பிளஸ் போதாதா?

பதில்: வேகம் குறைந்த இணைப்புக்குப் போதும். அதன் ஈதர்நெட் போர்ட் யூஎஸ்பி 2.0 வழியாகவே இயங்குவதால் உச்ச வேகம் வினாடிக்குச் சுமார் 300 மெகாபிட்தான். கூடுதல் அடாப்டரும் அதே வழியைத்தான் பகிர்ந்துகொள்ள வேண்டும். பை 4-இல் ஈதர்நெட்டுக்குத் தனி வழியும், அடாப்டருக்கு யூஎஸ்பி 3.0-உம் உண்டு.